சராசரி என்னும் பொய்த் தாமதம்

வலையமைப்புச் சிமுலேட்டரில் செய்தித் தாமதத்துக்குச் சராசரி எண் ஒன்றைக் கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் வீண் நுணுக்கம் என்கிறார்கள் சிலர். எளிமை, ஒரே சீரான முடிவு என்பவை அவர்கள் காட்டும் நியாயங்கள். இரண்டும் நிற்காது.

ஒன்று: மும்பையின் தேவ்நாரிலிருந்து சென்னை சர்வருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும், ஒருவழிக்கே 5 மில்லிநொடி ஆகிவிடும். இந்தப் பகுதி ஏறத்தாழ மாறாதது. ஆனால் ரூட்டர் வரிசையில் காத்திருக்கும் நேரம் நெரிசலோடு ஏறி இறங்கும். அதை எந்த ஒற்றை எண்ணில் அடைப்பீர்கள்?

இரண்டு: 99 செய்திகள் 10 மில்லிநொடியில் சேர்கின்றன, வழியில் தொலைந்து மறுபடி அனுப்பப்பட்ட ஒன்று 1000 மில்லிநொடி எடுக்கிறது. சராசரி 19.9. அந்த நேரத்தில் வந்து சேர்ந்த செய்தி எது? ஒன்றுகூட இல்லை.

மூன்று: ஒரு பக்கம் திறக்க இப்படி நூறு செய்திகள் வேண்டும், தாமதங்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால், நூறு முறை திறப்பதில் சுமார் 63 முறை பயனர் அந்த ஒரு நொடி காத்திருந்தே தீர வேண்டும். சராசரி மறைப்பது இந்தக் காத்திருப்பைத்தான்.

ஒற்றை எண்ணுக்குப் பதில் ஒவ்வொரு செய்தியின் தாமதத்தையும் தற்செயல் எண்களால் தேர்ந்தால் முடிவு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறாதா? அந்தத் தற்செயல் எண்கள் தொடங்கும் விதை எண்ணை நிலைநிறுத்துங்கள். அதே ஓட்டம் அப்படியே திரும்பும். அளந்த தாமதங்களின் பரவலையே கொடுங்கள். நடக்காத ஒன்றைச் சோதித்துத் தேறுவது தேர்ச்சி ஆகாது.