அரை கிலோ கைத்துப்பாக்கியும் அமெரிக்கச் சட்டமும்: உரிமம் விலகிய இடத்தில் எஞ்சுவது என்ன?

புதுடெல்லி: எடை சுமார் அரை கிலோ. நீளம் 15 சென்டிமீட்டருக்கும் குறைவு. உள்ளே 11 தோட்டாக்கள். அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டு முதல் விற்பனையாகி வரும் சிக் சாவர் நிறுவனத்தின் பி365 கைத்துப்பாக்கியின் அளவுகள் இவை. ஆண்டின் 365 நாள்களும் ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல ஏற்றது என்பதே அந்தப் பெயரின் பொருள்.

துப்பாக்கியை யார் எடுத்துச் செல்லலாம் என்பதே அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நீடித்த விவாதம். இன்று அங்குள்ள 50 மாகாணங்களில் 29-இல், சட்டத்தடை ஏதும் இல்லாத வயதுவந்தோர் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமமே தேவையில்லை. அதே காலகட்டத்தில் துப்பாக்கியின் அளவு சுருங்கியது. அதன் பாகங்களும் தனித்தனியே கழற்றி மாற்றக்கூடியவையாகின. இதன் விளைவாக, 'யார் எடுத்துச் செல்லலாம்' என்ற கேள்வியைவிட 'எது துப்பாக்கி' என்ற கேள்வியே அமெரிக்க நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் முக்கியத்துவம் பெற்று வருகிறது.

உரிமம் விலகிய வரலாறு

வெர்மான்ட் மாகாணத்தில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் கோரப்பட்டதே இல்லை. பிற மாகாணங்கள் பலவற்றில் உரிமம் வழங்குவதும் மறுப்பதும் அதிகாரிகளின் விருப்பத்தைச் சார்ந்திருந்தன. தகுதி உடையோர் அனைவருக்கும் உரிமம் வழங்கியே ஆக வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டு ஃபுளோரிடா இயற்றிய சட்டம் திருப்புமுனையாக அமைந்தது. அதைப் பின்பற்றிப் பல மாகாணங்கள் விதிகளைத் தளர்த்தின. அடுத்த கட்டமாக, 2003-இல் அலாஸ்காவும் 2010-இல் அரிசோனாவும் உரிமம் என்ற நிபந்தனையையே நீக்கின. 2024-இல் தென் கரோலினாவும் லூசியானாவும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

கட்டுப்பாடுகளைத் தக்கவைத்திருந்த மாகாணங்களுக்கு 2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பெரும் பின்னடைவாக அமைந்தது. புருயென் வழக்கு என அறியப்படும் அந்த வழக்கில், உரிமம் பெறத் தனிச்சிறப்பான காரணத்தை நிரூபிக்க வேண்டும் என்ற நியூயார்க் மாகாணத்தின் நூற்றாண்டு பழமையான சட்டத்தை நீதிபதிகள் 6-3 என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தனர். துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவாயினும் அது அந்நாட்டின் வரலாற்று மரபுடன் பொருந்த வேண்டும் என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பு வரையறுத்தது.

இதையடுத்து நியூயார்க் இயற்றிய புதிய சட்டம், உரிமம் கோருவோருக்கு 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேர துப்பாக்கி சுடும் பயிற்சியும் கட்டாயம் என்கிறது. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டத்தடை இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் பயிற்சியோ உரிமமோ இன்றிக் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். ஒரே நாட்டில், ஒரே துப்பாக்கிக்கு, ஓரிடத்தில் 18 மணி நேரப் பயிற்சி. மற்றோரிடத்தில் எதுவும் இல்லை.

அளவு குறைந்தது, தோட்டா கூடியது

சிறிய துப்பாக்கிகளின் பெருக்கத்துக்கு ஒரு கட்டுப்பாட்டுச் சட்டமும் காரணமானது என்பது இவ்வரலாற்றின் முரண். 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களைப் பொதுமக்களுக்கு விற்க 1994-இல் மத்திய அரசு தடை விதித்தது. பத்து தோட்டாக்களே உச்சவரம்பு என்றான பின், பெரிய துப்பாக்கியைச் சுமப்பதில் பயன் குறைந்தது. 1995-இல் கிளாக் நிறுவனம் 10 தோட்டா கொள்ளும் குறுகிய கிளாக் 26-ஐ அறிமுகம் செய்தது. 2004-இல் அந்தத் தடை காலாவதியானது. ஆனால், சிறிய துப்பாக்கிக்கான சந்தை நிலைத்துவிட்டது.

அதன்பின் நடைபெற்ற போட்டியை மாடல்களின் வரிசையே காட்டுகிறது. 2015-இல் வெளிவந்த கிளாக் 43-இன் மேகசினில் 6 தோட்டாக்கள் மட்டுமே இருந்தன. மூன்றே ஆண்டுகளில், ஏறத்தாழ அதே அளவிலான பி365, மேகசினில் 10 தோட்டாக்களையும் குழலில் ஒன்றையும் கொண்டு வந்தது. மேகசினின் அடிப்பகுதியில் இரண்டு வரிசையாக இருக்கும் தோட்டாக்கள், மேலே செல்லும்போது ஒற்றை வரிசையாகக் குறுகும் வடிவமைப்பே இதைச் சாத்தியமாக்கியது. 2019-இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரியின் ஹெல்கேட் 11 தோட்டாக்களுடன் வந்தது. அதே ஆண்டில் கிளாக் 43எக்ஸ் 10 தோட்டாக்களுடன் வெளியானது. 2021-இல் ஸ்மித் அண்ட் வெசனின் ஷீல்ட் பிளஸ், நீண்ட மேகசினுடன் 13 தோட்டாக்களை எட்டியது.

இவற்றுக்கு இடையிலான வேறுபாடுகள் நுண்ணியவை. கிளாக் 43எக்ஸின் நீண்ட பிடியில் விரல்கள் அனைத்தும் பதியும். ஆனால், அந்தப் பிடி ஆடைக்கு மேல் துருத்தித் தெரியக்கூடும். பி365, ஹெல்கேட் ஆகியவற்றின் அடிப்படை வடிவங்களில் பிடி குட்டையானது. மறைப்பது எளிது, பற்றுவது கடினம். துப்பாக்கி இலகுவாகும்போது அதே 9 எம்எம் தோட்டாவின் பின்னுதைப்பு கையில் கூடுதலாக உணரப்படும். குழல் குறுகும்போது முன்பின் குறிகளுக்கு இடையிலான தொலைவும் குறையும். சிறிய கைநடுக்கமும் இலக்கைப் பெரிதும் தவறச் செய்யும். சுருங்கச் சொன்னால், மறைப்பதற்கு மிக எளிதான துப்பாக்கியே துல்லியமாகச் சுடுவதற்கு மிகக் கடினமானது. அதற்குத்தான் கூடுதல் பயிற்சி தேவை. பயிற்சியைக் கட்டாயமாக்கும் உரிமமுறையோ விலகிக்கொண்டே வருகிறது.

இந்தப் பழக்கம் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு சான்றளிக்கிறது. 2015-இல் நாள்தோறும் கைத்துப்பாக்கி எடுத்துச் சென்றவர்கள் சுமார் 30 லட்சம் பேர். 2019-இல் அந்த எண்ணிக்கை சுமார் 60 லட்சமாக இரட்டிப்பானது.

பாகம் பாகமாக ஒரு துப்பாக்கி

வாங்கிய துப்பாக்கியை அப்படியே வைத்திருப்போர் குறைந்து வருகின்றனர். ஒளிப்புள்ளியைக் காட்டும் சிறு கண்ணாடிக் குறிநோக்கி, மாற்றுப் பிடி, சிறு விளக்கு, எளிதாக அழுத்தக்கூடிய விசை எனத் தனிச்சந்தையே உருவாகியுள்ளது. இம்மாற்றங்களில் பெரும்பாலானவை சட்டத்துக்கு உட்பட்டவை. கைக்கு ஏற்ற பிடியும் தெளிவான குறிநோக்கியும் தோட்டா இலக்கு தவறுவதைக் குறைக்கும். ஆனால், விசையின் எடையைக் குறைப்பது அத்தகையதன்று. இடுப்பில் நாள் முழுவதும் இருக்கும் துப்பாக்கியில், உறையில் செருகும்போது ஆடையின் நுனி விசையில் சிக்கினாலும் விபத்து நேரலாம். விசைப்பகுதியை முழுமையாக மூடும் உறுதியான உறையே முதல் தேவை என்பது பயிற்சியாளர்கள் பலரின் பொதுவான அறிவுரை.

பி365-இன் வடிவமைப்பு இதில் மேலும் ஒரு படி முன்னே செல்கிறது. அதன் தொடர் எண் பொறிக்கப்பட்டிருப்பது பிடியிலோ குழலிலோ அல்ல. உள்ளே இருக்கும் விசை இயக்கப் பகுதி என்ற சிறு உலோகக் கூட்டில் மட்டுமே. மத்திய சட்டத்தின் பார்வையில் அந்தக் கூடே துப்பாக்கி. அதை வாங்கும்போது உரிமம் பெற்ற வணிகர் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். குழல், பிடி உள்ளிட்ட ஏனைய பாகங்களுக்கு மத்திய சட்டப்படி அந்தச் சரிபார்ப்பு தேவையில்லை.

இது சட்டத்துக்கு உட்பட்ட வசதி. ஆனால், ஒரே ஒரு பாகத்தை மட்டும் துப்பாக்கி எனக் கருதும் இந்த அணுகுமுறையின் இடைவெளியில்தான் இரண்டு பெரும் சிக்கல்கள் வளர்ந்தன. முதலாவது, தொடர் எண் இல்லாத 'பேய்த் துப்பாக்கிகள்'. முழுமை பெறாத பாகங்களைத் தொகுப்பாக விற்று, அது இன்னும் துப்பாக்கி ஆகவில்லை என்று சில நிறுவனங்கள் வாதிட்டன. சட்ட அமலாக்கத் துறையினர் கைப்பற்றித் தடமறிய அனுப்பிய இத்தகைய துப்பாக்கிகள், 2017-இல் சுமார் 1,600 ஆக இருந்து 2021-இல் 19,000-ஐக் கடந்தன. இவற்றைத் துப்பாக்கிகளாகவே கருதும் 2022-ஆம் ஆண்டு விதியை, 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் உறுதி செய்தது. அத்தகைய தொகுப்பு ஒன்றை முன்அனுபவம் இல்லாத ஒருவர் 21 நிமிடங்களில் இயங்கும் துப்பாக்கியாக்கியதையும் நீதிபதி நீல் கோர்சச் எழுதிய தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

இரண்டாவது, சாதாரணக் கைத்துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கியாக்கும் 'சுவிட்ச்' எனப்படும் சட்டவிரோதச் சிறுகருவி. 2017 முதல் 2021 வரையிலான ஐந்து ஆண்டுகளில் இத்தகைய 5,454 கருவிகள் கைப்பற்றப்பட்டன. முந்தைய ஐந்து ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை 814 மட்டுமே. இக்கருவியை எளிதில் பொருத்தக்கூடிய கைத்துப்பாக்கிகளை வணிகர்கள் விற்பதற்கு 2026 ஜூலை 1 முதல் தடை விதிக்கும் சட்டத்தில் கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டார். தவறு செய்பவரை மட்டுமன்றி, தவறாகப் பயன்படுத்த இடமளிக்கும் வடிவமைப்பையும் இச்சட்டம் பொறுப்பாக்குகிறது. துப்பாக்கி ஆதரவு அமைப்புகள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்துள்ளன.

பாதுகாப்பா, ஆபத்தா?

காவல்துறை வந்து சேரும்வரை தற்காத்துக்கொள்ள வேண்டியவர் தனிமனிதரே என்பது ஆதரவாளர்களின் வாதம். தனியே பயணிக்கும் பெண்கள், முதியோர், இரவில் கடை நடத்துவோர் ஆகியோருக்கு இலகுவான துப்பாக்கியே பயன்படும் என்றும் அவர்கள் கூறுகின்றனர். இதைப் புறந்தள்ள இயலாது. ஆனால், இந்த வாதத்தைப் பொதுக்கொள்கையாக்கும்போது சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. உரிம விதிகளைத் தளர்த்துவது துப்பாக்கிக் கொலைகளை அதிகரிக்கிறது என்பதற்கு ஆதாரம் இருப்பதாக ரேண்ட் ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பாய்வு மதிப்பிட்டுள்ளது.

2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் உயிரிழந்தோர் சுமார் 46,700 பேர். அவர்களில் சுமார் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். அந்நியரிடமிருந்து காத்துக்கொள்ள வாங்கிய ஆயுதம், மன நெருக்கடியின் ஒரு நொடியில் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதே பெரிய ஆபத்து என்பதை இந்த விகிதம் உணர்த்துகிறது. எந்த மாடல், எத்தனை தோட்டா என்ற ஒப்பீடுகளில் இந்தக் கணக்கு இடம்பெறுவது அரிது.

இந்தியாவின் வேறுபட்ட வழி

இந்தியாவிலும் இதையொத்த முயற்சி ஒன்று நடந்தது. டெல்லி பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பின், 2014 ஜனவரியில் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற பெண்களுக்கான சிறிய ரிவால்வரை அறிமுகம் செய்தது. எடை 500 கிராம். ஏறத்தாழ பி365-இன் எடை. விலை 1,22,360 ரூபாய். அதன் விலை மட்டுமன்றி, உரிமம் பெறுவதன் கடினமும் அதைப் பெரும்பாலானோருக்கு எட்டாத பொருளாக்கியது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அன்று; காவல்துறை விசாரணைக்குப் பின் அரசு தரும் அனுமதி. 9 எம்எம் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை என்பதால் சாதாரணக் குடிமக்களுக்குக் கிடைப்பதில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. எனினும், இந்த வழியும் முழுமையானதன்று. வட மாநிலங்களில் சட்டவிரோதமாகத் தயாராகும் நாட்டுத் துப்பாக்கிகள் உரிமமுறைக்கு வெளியே புழங்குகின்றன. நாட்டில் துப்பாக்கியால் நிகழும் கொலைகளில் பெரும்பாலானவற்றில் பயன்படுவது உரிமம் இல்லாத ஆயுதங்களே.

அமெரிக்காவில் வசிக்கும் இந்தியர்களுக்கு ஒரு செய்தி நேரடியாகப் பொருந்தும். மாணவர் விசா, எச்-1பி உள்ளிட்ட தற்காலிக விசாக்களில் சென்றோர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அந்நாட்டு மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விதிவிலக்குகளே உள்ளன. மாகாணத்தில் உரிமம் தேவையில்லை என்பது இவர்களுக்கு அனுமதி ஆகாது. பச்சை அட்டை எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி பெற்றோருக்கு இத்தடை பொருந்தாது.

அடுத்து என்ன?

ஒரு மாகாணத்தில் உள்ள உரிமையைப் பிற மாகாணங்களும் ஏற்க வேண்டும் என வலியுறுத்தும் மசோதா, 2025 ஜனவரியில் பிரதிநிதிகள் அவையில் கொண்டுவரப்பட்டது. அது சட்டமானால், நியூயார்க் கோரும் 18 மணி நேரப் பயிற்சி அம்மாகாணத்தவருக்கு மட்டுமே உரிய நிபந்தனையாகிவிடும். கலிஃபோர்னியாவின் வடிவமைப்புத் தடை நீதிமன்றத்தில் நிலைக்குமா என்பது மற்றொரு சோதனை.

உரிமமுறை, துப்பாக்கி ஏந்துபவரின் தகுதியைச் சோதித்தது. தொடர் எண், துப்பாக்கியின் தடத்தைக் காட்டியது. முதலாவது 29 மாகாணங்களில் விலகிவிட்டது. இரண்டாவது ஒரு சிறு உலோகக் கூட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூட்டைச் சுற்றியுள்ள பாகங்களையும் வடிவமைப்பையும் சட்டம் எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு நீதிமன்றங்கள் அளிக்கும் விடையே, ஆடைக்குள் மறையும் துப்பாக்கியின் அடுத்த பத்தாண்டைத் தீர்மானிக்கும்.