எல்லைக்கு அப்பால் முடிவாகும் விலை

புக்கிட் பாஞ்சாங் போன்ற குடியிருப்புப் பேட்டைகளிலும் நகரின் வணிக வட்டாரங்களிலும் ஒருசேர வேரூன்றிய நம்பிக்கை ஒன்று சிங்கப்பூரில் உண்டு. பெருநிறுவனங்கள் வெளிநாட்டில் தங்களுக்குள் பேசி முடிக்கும் விலையையோ இணைப்பையோ இத்தனை சிறிய நாட்டின் சட்டத்தால் தொட முடியாது, தொட்டால் முதலீடு விலகிப்போகும் என்பதே அது. அடக்கம் போலத் தோன்றும் இக்கருத்து, சட்டத்தின் வாசகத்துக்கும் அது நடைமுறைப்பட்ட வரலாற்றுக்கும் முரணானது. அதைவிடக் கேடு, உண்மையான குறை இருக்கும் இடத்தை அது மறைத்துவிடுவதாகும்.

கூடிப் பேசி விலை வைப்பதையும், சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதையும், போட்டியைக் கணிசமாகக் குறைக்கும் இணைப்புகளையும் தடைசெய்யும் 2004ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, ஒப்பந்தம் சிங்கப்பூருக்கு வெளியே செய்யப்பட்டிருந்தாலும், அதைச் செய்தவர் வெளிநாட்டில் இருந்தாலும் சட்டம் பொருந்தும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. செயல் நடந்த இடத்தை விட்டு, அதன் பாதிப்பு எந்தச் சந்தையில் விழுகிறது என்று பார்க்கும் இந்த விளைவுக் கோட்பாட்டை அமெரிக்க நீதிமன்றம் 1945இலேயே அல்கோவா அலுமினிய வழக்கில் வகுத்துவிட்டது. 2014 மே மாதத்தில், பேரிங் எனப்படும் சுழல் தாங்கிகளின் விலையைக் கூட்டாக முடிவு செய்த ஜப்பானியத் தயாரிப்பாளர்களுக்கும் அவர்களின் சிங்கப்பூர்த் துணை நிறுவனங்களுக்கும் சுமார் 9.3 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், ஜப்பானிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் விமானச் சரக்கின் கூடுதல் கட்டணங்களைச் சேர்ந்து நிர்ணயித்த சரக்கு முகவர்கள் ஏறத்தாழ 7.15 மில்லியன் வெள்ளி செலுத்த வேண்டியதாயிற்று. ஜாலான் புசார் பக்கம் உதிரிபாகம் வாங்கும் பட்டறைக்காரரின் ரசீதில் அந்தக் கூட்டுச்சதி தனி வரியாகத் தெரிவதில்லை என்பதற்காக, அவர் அதற்கு விலை கொடுக்கவில்லை என்று ஆகிவிடாது.

உள்நாட்டுச் சந்தை சிறியது, எனவே வெளிநாட்டில் போட்டியிட நம் நிறுவனங்கள் பெருத்தே ஆகவேண்டும், சட்டம் குறுக்கே நிற்கலாகாது என்ற வாதமும் இந்த நம்பிக்கையின் மறுபக்கமே. இத்தகைய அச்சத்தால்தான் அமெரிக்கா 1982இல் ஏற்றுமதி வணிகத்தின் பெரும்பகுதியைத் தன் சட்டத்திலிருந்து விலக்கியது. சிங்கப்பூரிலோ அபராதத்தின் உச்சவரம்பே உள்நாட்டு விற்பனை வருவாயில்தான் கணக்கிடப்படுகிறது. ஜகார்த்தாவில் வெல்லும் நிறுவனத்தை இச்சட்டம் தண்டிக்கிறது என்பது வீண் பேச்சு.

உண்மையான குறை வெளிப்பட்ட இடம், செயலிவழி வாடகைக் கார் நிறுவனங்களான கிராப், ஊபர் ஆகியவற்றின் விவகாரம். 2018 மார்ச் 26 அன்று ஊபர் தன் தென்கிழக்காசிய வணிகத்தைக் கிராபிடம் ஒப்படைத்து, ஈடாக அதில் 27.5 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றுக்கொண்டது. ரயில் நின்றபின் பணி முடிந்து திரும்புவோர் செயலிவழி அழைக்கும் வாடகைக் காரையே பெரிதும் நம்ப வேண்டியிருக்க, அந்தச் சந்தையில் சுமார் 80 விழுக்காடு ஒரே கையில் சேர்ந்தது. பயணிகள் உண்மையில் செலுத்திய கட்டணம் 10 முதல் 15 விழுக்காடு வரை உயர்ந்ததைக் கண்டறிந்த சிங்கப்பூர்ப் போட்டி, பயனீட்டாளர் ஆணையம், செப்டம்பரில் இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து 13 மில்லியன் வெள்ளிக்கு மேல் அபராதம் விதித்ததோடு, ஓட்டுநர்களைத் தன்னுடனேயே கட்டிவைக்கும் நிபந்தனைகளை நீக்கவும், இணைப்புக்கு முந்தைய கட்டணக் கணக்கீட்டு முறையையே தொடரவும் கிராபுக்கு ஆணையிட்டது. சட்டத்தின் கை எட்டியது, ஆனால் தாமதமாக எட்டியது. ஊபர் செயலி மே மாதத்திலேயே சிங்கப்பூரில் மறைந்துவிட்டிருந்தது.

தாமதத்துக்குக் காரணம் நாட்டின் சிறுமை அன்று. இணைப்பை முன்கூட்டித் தெரிவிப்பதை நிறுவனங்களின் விருப்பத்துக்கே சிங்கப்பூர் விட்டிருக்கிறது. அதனால் முதலில் முடித்துவிட்டுப் பிறகு அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதுவது சிலருக்குக் கட்டுப்படியாகிறது. 2023இல் டிரான்ஸ்கேப் டாக்சி நிறுவனத்தை வாங்க முனைந்தபோது கிராப் ஆணையத்திடம் முன்னதாகவே விண்ணப்பித்தது. போட்டி கணிசமாகக் குறையும் என்று ஆணையம் 2024 ஜூலையில் தற்காலிக முடிவை அறிவித்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது. சட்டமும் ஆணையமும் அவையே. மாறியது விசாரணை தொடங்கிய நேரம்தான்.

இந்த நேரத்தைச் சட்டமே உறுதிசெய்ய முடியும் என்பதற்கு இந்தியா ஓர் எடுத்துக்காட்டு. இந்திய அரசு 2018இல் அமைத்த போட்டிச் சட்ட மறுஆய்வுக் குழுவின் வழியில் வந்த 2023ஆம் ஆண்டுத் திருத்தம், 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய ஒப்பந்தத்தை, வாங்கப்படும் நிறுவனத்துக்கு இந்தியாவில் கணிசமான வணிகம் இருந்தால், முன்கூட்டித் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது. அது 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கட்டாய அறிவிப்பு சிறு வணிகரை வாட்டும் என்போர் இந்த மதிப்பு வரம்பைப் பார்க்கத் தவறுகிறார்கள். கோப்பிக்கடைக்காரர் ஒருவர் தம் கடையைப் பக்கத்துக் கடைக்காரருக்கு விற்பதை எந்த வரம்பும் தொடப்போவதில்லை; சிங்கப்பூரிலும் அத்தகைய வரம்பு இருந்திருந்தால், கிராப், ஊபர் அளவிலான ஒப்பந்தம் நிறைவேறும் முன்பே ஆணையத்தின் மேசைக்கு வந்திருக்கும்.