முறையின் வைப்பு

நன்னூலைப் பாடம் சொல்லாத தமிழ்த்துறை இல்லை. கூறியது கூறலை அது குற்றம் என்கிறது. முறையின் வைப்பை நூலுக்கு அழகு என்கிறது. பாடம் பரீட்சையோடு முடிந்துவிடுகிறது. பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடு அட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு நூலாக வருகிறது. ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை, முன்னோர் ஆய்வுகள், இயல்தோறும் தொகுப்புரை, முடிவுரையில் தொகுப்புரைகளின் தொகுப்புரை. இந்த வரிசை புறத்தேர்வாளருக்காக ஏற்பட்டது. வாசகன் மதிப்பெண் போட வரவில்லை. உன் வாதம் என்ன, அது எங்கே தொடங்கி எங்கே போகிறது என்றுதான் அவன் கேட்கிறான்.

பதிப்பாசிரியர் என்றால் நமக்கு 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சா.வின் மரபு. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த பெரும்பணி அது. உயிரோடிருக்கும் ஆசிரியனிடம், 'உன் நான்காம் இயல்தான் முதலில் வரவேண்டும், இரண்டாவது தேவையே இல்லை' என்று சொல்லும் எடிட்டர் வேறு ஜாதி. அவருக்கு நம் ஆய்வுலகில் இடமில்லை. ஒற்றுப்பிழை பார்ப்பதோடு எடிட்டிங் முடிந்துவிடுகிறது.

கைவைத்தால் ஆசிரியனின் தனித்தன்மை கெடும் என்பார்கள். அமைப்பியல் பேசுகிறவர்கள் இதைச் சொன்னால் வேடிக்கை. அவர்களுடைய மூல நூலே எடிட்டர்கள் கட்டியது. சசூர் ஜெனீவாவில் 1907க்கும் 1911க்கும் இடையே மூன்று முறை பாடம் நடத்தினார், 1913இல் இறந்தார். அந்த வகுப்புகளில் உட்காராத பாலியும் செஷ்ஹேயும் மாணவர் குறிப்புகளைக்கொண்டு 1916இல் நூலை உருவாக்கினார்கள். மூன்றாம் முறை சசூர் பல்வேறு மொழிகளிலிருந்து தொடங்கி மொழி என்ற அமைப்புக்கு வந்திருந்தார். நூலில் இது தலைகீழானது. குறி பற்றிய கோட்பாடு முன்னே வந்தது; மொழிகளின் நிலவியல் பின்னே போயிற்று. நூலின் பிரசித்தமான கடைசி வாக்கியம் எடிட்டர்களுடையது என்று 1957இல் கோடெல் காட்டினார். மொழிகளின் வேற்றுமையிலிருந்து புறப்பட்டவர், சூத்திரத்திலிருந்து புறப்பட்டவராக உலகுக்கு அறிமுகமானார்.

வரிசை அலங்காரமல்ல, அதுவே வாதம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதில் உள்ள ஆபத்துக்கும் இதுவே சாட்சி. இறந்தவரால் மறுக்க முடியவில்லை. ஆனால் அந்த இருவரும் தாங்கள் செய்ததை முன்னுரையில் சொல்லித் தங்கள் பெயரையும் போட்டுக்கொண்டார்கள். நமக்கு வேண்டியதும் அந்தப் பொறுப்புத்தான். எடிட்டர் வாதாடட்டும், ஆசிரியன் காரணம் சொல்லி மறுக்கட்டும், இருவர் பெயரும் அச்சாகட்டும்.

எடிட்டரிடம் கொடுத்தால் முந்நூறு பக்கம் நூறாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். நூறு மிஞ்சினால் லாபம். கூறியது கூறலைக் கழித்தபின் ஒரு பக்கம்கூட மிஞ்சாமல் போய்விடுமோ என்பதுதான் உண்மையான பயம்.