மலை வீடு வாங்கும் முன்...

என்னோடு கல்லூரியில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கோத்தகிரி அருகே ஒரு சிற்றூரில் பழைய ஓட்டு வீடு ஒன்றை வாங்கினார். வீட்டுக்கு வயது எழுபதுக்கு மேல். சுற்றிலும் 12 சென்ட் நிலம். பட்டா இருந்தது, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருந்தது, வழக்குரைஞரின் கருத்துரையும் சாதகமாகவே இருந்தது. ஓய்வூதியப் பலன்களின் பெரும்பகுதியை அவர் அதில் இட்டார்.

சென்ற ஆண்டு பக்கத்து நிலத்துக்காரர் தம் எல்லையை அளக்க மனுக் கொடுத்தார். நில அளவையர் வந்து புலப்படத்தை விரித்து அளந்தபோது, நண்பரின் சமையலறையும் பின்புறத் தடுப்புச் சுவரும் ஓடைப் புறம்போக்கில் நிற்பது தெரியவந்தது. பத்திரத்தில் இருந்த 12 சென்ட், தரையில் ஒன்பதரை சென்ட்தான். "எல்லாக் காகிதத்தையும் பார்த்தேனே, எதைப் பார்க்கத் தவறினேன்?" என்று அவர் என்னிடம் கேட்டார். காகிதம் எதைப் பற்றிப் பேசுகிறதோ, அந்த நிலத்தை அவர் அளந்து பார்க்கவில்லை.

இது ஒருவருடைய கவனக்குறைவு மட்டுமன்று. கரோனா காலத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்தே பணியாற்றும் வாய்ப்புப் பெற்றவர்களும், சமவெளியின் வெயிலுக்கு அஞ்சும் ஓய்வூதியர்களும் உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் பழைய வீடு தேடி அலைகிறார்கள். மறுபுறம், பசுந்தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்காத சிறு விவசாயி, பூர்விக வீட்டையும் அதை ஒட்டிய நிலத்தையும் விற்கத் தயாராகிறார். தேவையும் வழங்கலும் சந்திக்கும் இடத்தில் சந்தை உருவாகிவிட்டது. அந்தச் சந்தைக்குத் தேவையான தகவல்தான் உருவாகவில்லை.

நம்மில் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டால், அரசே நம் உரிமைக்கு உறுதி அளித்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மை அதுவன்று. நம் நாட்டில் பதிவு செய்யப்படுவது ஆவணமே தவிர, உரிமை அன்று. தமிழ்நாட்டின் பதிவு விதி 55-அ செல்லாது என 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என ஆராயும் அதிகாரம் பதிவுச் சட்டத்தின்படி பதிவு அலுவலருக்கு இல்லை என்று தெளிவாகவே சொன்னது. வில்லங்கச் சான்றிதழும் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத குடும்பப் பாகப்பிரிவினையோ, கையொப்பமிடாத சகோதரியின் பங்கோ அதில் தெரியாது.

தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சம் ரூபாய்க்கு வீடு வாங்குபவர் 5.40 லட்சம் ரூபாயை அரசுக்குச் செலுத்துகிறார். அந்தத் தொகை உரிமைக்கும் உறுதி தருவதில்லை. எல்லைக்கும் உறுதி தருவதில்லை. ஆனால், அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட நில அளவைக்கும் கட்டட ஆய்வுக்கும் செலவிட நாம் தயங்குகிறோம்.

மலையில் நில அளவை ஏன் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது? 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின் கீழ் தயாரிக்கப்படும் புலப்படம், நிலத்தின் கிடைமட்ட அளவைத்தான் குறிக்கிறது. சரிவின் மீது அளவுநாடாவைப் படுக்கவைத்து அளந்தால் வேறு கணக்கு வரும். 30 பாகை சரிவில் 100 அடி என்பது கிடைமட்டத்தில் ஏறத்தாழ 87 அடிதான். விற்பவர் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சரிவில் நாடா பிடித்துக் காட்டினாலே போதும், வாங்குபவர் எட்டில் ஒரு பங்கை இழந்துவிடுவார். இதனுடன், மழையில் இடம் மாறிய ஓடை, சரிந்துபோன வேலி, எல்லைக் கல்லை விழுங்கிய தேயிலைச் செடி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'கிழக்கே ஓடை, மேற்கே பாதை' என்று எழுதிய நான்கெல்லை, எழுதிய நாளின் ஓடையையும் பாதையையும்தான் குறிக்கும்.

எல்லை சரியாக இருந்தாலும் ஆபத்து முடிவதில்லை. நீலகிரியில் ஒரே சர்வே எண்ணின் மீது பல சட்டங்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலத்தை, மாவட்டக் குழுவின் முன் அனுமதியின்றி விற்க முடியாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், சொந்த நிலத்து மரத்தை வெட்டுவதற்கும் அனுமதி கேட்கிறது. 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் வந்தது. 1993-இல் மலை வாசஸ்தலங்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் வந்தன. பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் விருப்பம்போல் கட்டிக்கொள்ளலாம் என்று எண்ணி வாங்குபவர், இந்த விதிகளை வாங்கிய பிறகுதான் படிக்கிறார்.

கூடலூர், பந்தலூர் பகுதிகளின் கதை இன்னும் சிக்கலானது. நிலம்பூர் கோவிலகத்தின் வசமிருந்த சுமார் 80,000 ஏக்கர் ஜென்ம நிலத்தை, 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் அரசின் கைக்குக் கொண்டுவந்தது. அச்சட்டத்தின் 17-ஆவது பிரிவில் வரும் குத்தகை நிலங்களின் பிரச்சினை அரை நூற்றாண்டாகத் தீராமல் நீடிக்கிறது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களில் பலவும் இப்பகுதிகளில்தான் குடியேறின. தேயிலைத் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில், வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய இரண்டு மூன்று சென்ட்டில் வீடு கட்டியவர்கள் அவர்களுள் உண்டு. பட்டா இல்லை, அதனால் வங்கிக் கடன் இல்லை, மின் இணைப்புக்கும் நெடுங்காலப் போராட்டம். நகரத்துப் பணக்காரரின் இரண்டாவது வீடு போனால் அது ஓர் இழப்பு. இவர்களுக்கு அது வாழ்வே போவதாகும். நில அளவையும் உரிமை ஆய்வும் வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சீகூர் பீடபூமியின் படிப்பினையும் அண்மைக்காலத்தியதே. அங்குள்ள யானை வழித்தடத்தை 2010 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அறிவிக்கை செய்தது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் உறுதி செய்தது. 2018-இல் விடுதிகளுக்கு 'சீல்' வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் வழித்தட அறிவிக்கையை உறுதி செய்து, உரிமையாளர்களின் ஆட்சேபங்களை விசாரிக்க ஒரு குழுவை அமைத்தது. தங்களிடம் பட்டாவும் பத்திரமும் இருப்பதாகவே விடுதி உரிமையாளர்களில் பலர் வாதிட்டனர். யானையின் வழியை எந்தப் பத்திரத்தின் நான்கெல்லையும் குறிப்பிடுவதில்லை.

இனி, மண்ணும் கட்டடமும். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கேத்தியில் மட்டும் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. 2024 ஜூலை 30 அன்று நம் எல்லைக்கு அப்பால் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்தது இன்னும் நெஞ்சைவிட்டு அகலவில்லை. சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே முன்புறம் கொட்டிச் சமன் செய்து எழுப்பிய வீடு, பாதி கெட்டித் தரையிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கிறது. மூலையிலிருந்து குறுக்காக ஓடும் விரிசல், திடீரென மூட மறுக்கும் கதவு, ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள், நீர் வடியத் துளைகளே இல்லாத தடுப்புச் சுவர் ஆகியவை எல்லாம் மண் நமக்கு விடுக்கும் எச்சரிக்கைகள். புதிதாக வெள்ளையடித்த சுவரும் கோடைக் காலத்து ஒருநாள் பயணமும் இவற்றை மறைத்துவிடும். மலை வீட்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று உள்ளூர்ப் பெரியவர்கள் சொல்வது பொருளற்ற பேச்சன்று.

பொருளியல் பயின்றவனுக்கு இங்கே ஜார்ஜ் அகர்லாஃப் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். பழைய கார் சந்தையைக் கொண்டு அவர் 1970-இல் எழுதிய கட்டுரை, பின்னர் 2001-இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலையில், வாங்குபவர் எல்லாப் பொருளையும் சந்தேகித்து விலையைக் குறைப்பார். நல்ல பொருளை வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகுவார். சந்தையில் பழுதானவையே மிஞ்சும் என்பது அவர் வாதம். இதை நீலகிரிக்குப் பொருத்திப் பாருங்கள். தகவல் இல்லாமையால் ஏமாறுபவர் வெளியூர்க்காரர் மட்டும் அல்லர். தெளிவான பட்டாவும் உறுதியான சுவரும் கொண்ட வீட்டை விற்கும் நேர்மையான விவசாயியும் தகுந்த விலை கிடைக்காமல் நஷ்டமடைகிறார்.

சட்டம் வாங்குபவரை முழுமையாகக் கைவிடவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, தனக்குத் தெரிந்த முக்கியக் குறைபாட்டை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால், வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டறிய முடியாத குறைபாட்டுக்குத்தான் அந்தக் கடமை பொருந்தும். அளந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டால், நம் கை தாழ்ந்துவிடும். புதிய அடுக்குமாடி வீட்டின் கட்டமைப்புக் குறைக்கு ஐந்து ஆண்டுகள் வரை கட்டுநரைப் பொறுப்பாக்கும் 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டமும், தனிநபர் விற்கும் எழுபது ஆண்டுப் பழைய ஓட்டு வீட்டை எட்டுவதில்லை.

ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டை விற்பனைக்கு வைப்பவரே தகுதி பெற்ற ஆய்வாளரின் அறிக்கையைப் பெற்று, வாங்க வருவோர்க்குத் தர வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. ஒவ்வொரு வாங்குபவரும் தனித்தனியே ஆய்வுக்குச் செலவிடும் வீண்விரயம் அதனால் குறைகிறது. அந்த முறையை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அதன் அடிப்படைத் தத்துவத்தை மலை மாவட்டங்களிலாவது சோதித்துப் பார்க்கலாம்.

அரசு செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, இணையத்தில் பட்டா பார்க்கும் அதே பக்கத்தில், அந்தச் சர்வே எண் தனியார் காட்டில் வருகிறதா, 17-ஆவது பிரிவில் உள்ளதா, யானை வழித்தடத்திலா, நிலச்சரிவு அபாயப் பகுதியிலா என்பதையும் காட்ட வேண்டும். இத்தகவல்கள் வெவ்வேறு துறைகளின் கோப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். இரண்டாவது, எல்லை அளவை மனுக்களுக்குக் காலக்கெடு விதித்து, அதற்கேற்ற அளவையர்களை நியமிக்க வேண்டும். நான்கு மாதம் காத்திருக்கச் சொன்னால், எவரும் அளக்காமலேயே முன்பணம் கொடுத்துவிடுவார். மூன்றாவது, பத்திரத்துடன் அண்மைக் கால அளவை வரைபடத்தை இணைப்பதை மலைப்பகுதிகளில் வழக்கமாக்க வேண்டும். அளவைக்குப் பணம் இல்லாத சிறு நிலத்தாருக்கு அக்கட்டணத்தை அரசே ஏற்கலாம்.

வாங்குபவரும் செய்ய வேண்டியது உண்டு. விற்பனை ஒப்பந்தம் எழுதும்போதே, 'அளவையில் தெரியவரும் பரப்புக்கு ஏற்ப விலை மாறும். குறைபாடு கண்டால் முன்பணம் திரும்பும்' என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். பிறகு அக்கம்பக்கத்தாரின் முன்னிலையில் அரசு அளவையரைக் கொண்டு எல்லைக் கல் நட வேண்டும். அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பார்க்க வேண்டும். கூட்டுப் பட்டாவானால் பெண் வாரிசுகள் உட்பட அனைவரும் கையொப்பமிட வேண்டும். மலைக் கட்டடம் அறிந்த பொறியாளர் ஒருவர் கூரையின் மரச்சட்டம் முதல் கழிவுநீர்க் குழி வரை பார்க்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்த ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். வீட்டுக்குச் செல்லும் பாதை, உரிமையா அல்லது பக்கத்து வீட்டாரின் பெருந்தன்மையா என்பதையும் அறிய வேண்டும்.

நண்பர் இப்போது பின்புறச் சமையலறையை இடித்துவிட்டு, முன்னறையின் ஒரு மூலையில் அடுப்பை வைத்திருக்கிறார். விற்றவர் மீது அவருக்குக் கோபமில்லை. அவருடைய பாட்டனார் காலத்திலிருந்தே ஓடை அங்கே ஓடியதில்லை என்று அந்தக் குடும்பம் உண்மையாகவே நம்பியிருக்கிறது. பொய் இல்லாத இடத்திலும் இழப்பு நேர்கிறது. அதனால்தான் யாரையும் சந்தேகிப்பதற்காக அல்ல, எல்லோரும் ஒரே உண்மையைத் தெரிந்துகொள்வதற்காக அளக்க வேண்டும். மலை தன் எல்லையை மறப்பதில்லை. மழை வரும்போது அதை நமக்கு நினைவூட்டும். அதற்கு முன்பே நாம் தெரிந்துகொள்வது நல்லது.