அடுத்தவர் கையில் வண்டி

கார்ட் பந்தயம் செல்வந்தர் வீட்டுப் பொழுதுபோக்கு என்பர் பலர். ஆனால் 1956-இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் உருவாக்கிய முதல் கார்ட் வண்டியில் பொருத்தப்பட்டது புல்வெட்டும் கருவியின் எஞ்சினே!

பிரான்சின் லே மான் நகரில் 24 மணி நேரக் கார்ட் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. அத்தனை நேரமும் ஒருவரே ஓட்ட இயலுமா? அணியினர் மாறி மாறி ஓட்டுகின்றனர். ஊதியம் பெறாத எளிய அணிக்கு அங்கே வேகம் மட்டும் போதாது. ஒரு சுற்றில் மின்னலாய்ப் பாய்ந்து டயரைத் தேய்ப்பவனைவிட, வண்டியைப் பழுதின்றி அடுத்தவரிடம் ஒப்படைப்பவனே சிறந்த வீரன். சங்கிலியை இறுக்குபவரும் அவனுக்கு இணையானவரே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தனியே முந்துவதே கல்வி என்கிறார்கள், நான் ஏற்கவில்லை. பெற்றோர் ஓட்டிய சுற்றுகளின் தொடர்ச்சியே என் சுற்று. தம்பி தங்கையரிடம் வண்டியைப் பழுதின்றிக் கொடுப்போம், நண்பர்களே!