கறுப்பாகவே இருக்கட்டும்

27 அங்குல கேமிங் மானிட்டர் ஒன்றை ஆசையாக வாங்கிவிட்டு, நடுவில் மட்டும் படத்தை வைத்து, சுற்றிலும் கறுப்பாக விட்டு விளையாடுகிறான் என் அக்கா மகன். புதுக்கோட்டையில் எங்கள் வீட்டில் இந்த வாரச் சண்டை இதுதான். “இதுக்கு எதுக்குடா இவ்வளவு பெருசு? சின்னதாவே வாங்கியிருக்கலாமே” என்று அக்கா கத்த, எனக்கோ அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குக் காரணம் இந்நேரம் புரிந்திருக்கும்.

முதலில் அவன் பக்கத்து நியாயம். அவன் ஆடுவது கவுன்டர் ஸ்ட்ரைக். “முழுசா வச்சா மூலையில இருக்குற மேப்பைப் பாக்க கண்ணு அங்கயும் இங்கயும் ஓடணும் மாமா. நடுவுல வச்சா எல்லாம் ஒரே பார்வையில கெடைச்சிரும்” என்கிறான். சரிதான். திரைக்கு வெகு அருகில் முகத்தை வைத்து ஆடுகிறவர்கள் இவர்கள். பெரிய போட்டிகளிலும் 24, 25 அங்குலத் திரைகள்தான் அதிகம் புழங்குகின்றன. அந்தப் பழக்கத்துக்காகவே 27 அங்குல மானிட்டர்கள் சிலவற்றில் படத்தை 24.5 அங்குலமாகச் சுருக்கிக்கொள்ள மெனுவிலேயே வழி வைத்திருக்கிறார்கள்.

தெளிவும் ஒரு காரணம். அவன் திரையில் குறுக்கே 2560 புள்ளி, நெடுக்கே 1440. அதில் 1920க்கு 1080 படத்தை இழுத்து நிரப்பினால் ஒவ்வொரு புள்ளியும் ஒன்றேகால் புள்ளிக்கும் மேலே பரவியாக வேண்டும். பாதிப் புள்ளி என்று திரையில் எதுவும் கிடையாது என்பதால் ஓரமெல்லாம் மங்கிப்போகும். இழுக்காமல் நடுவில் வைத்தால் புள்ளிக்குப் புள்ளி சரியாக உட்காரும். அதே விளையாட்டை 4:3 அளவில் ஓட்டி, வேண்டுமென்றே அகலமாக இழுத்து ஆடுகிறவர்களும் உண்டு. எதிரி பருமனாகத் தெரிந்தால் குறி வைக்க வசதி என்பது அவர்கள் எண்ணம். சுடப்போகிறவனை எப்படி வேண்டுமானாலும் பருக்க வைக்கட்டும். டி.வி.யில் பழைய நடிகர் பி.யு. சின்னப்பாவைப் பருக்க வைக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன ஞாயிறு மத்தியானம் ஒரு சேனலில் ‘ஜகதலப்பிரதாபன்’ போட்டார்கள். 1944இல் பட்சிராஜா எடுத்த படம். எங்கள் ஊர்க்காரர் சின்னப்பா, 1916இல் இங்கே பிறந்து 1951இல் 35 வயதிலேயே போய்விட்டவர். சிலம்பம் கற்ற உடம்பு, சொந்தக் குரலில் பாடிய தொண்டை. அந்தப் படத்தில் ஒரு கச்சேரிக் காட்சி உண்டு. பாடுகிறவரும் சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பா, எல்லாரும் ஒரே சட்டகத்துக்குள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கணினி என்ற பேச்சே இல்லாத காலத்தில் எடுத்த காட்சி அது. டி.வி.யில் வந்ததோ, பக்கவாட்டில் இழுக்கப்பட்ட சின்னப்பாக்கள். கன்னம் உப்பி, தோள் விரிந்து, மிருதங்கத்தின் வட்ட முகம் கோழிமுட்டையாகி!

கணக்கு எளிது. அந்தக் காலத்துப் படங்கள் ஏறக்குறைய 4:3 அளவு. இன்றைய டி.வி. 16:9. இழுத்து நிரப்பினால் ஒவ்வோர் ஆளும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருப்பார். இழுக்காமல் பெரிதாக்கி நிரப்பினால் மேலும் கீழுமாகப் படத்தில் கால் பங்கு போய்விடும். தலைப்பாகை போகும், சலங்கை கட்டிய கால் போகும். ஒழுங்காகக் காட்டுவதென்றால் இருபுறமும் சேர்த்துத் திரையில் கால் பங்கைக் கறுப்பாக விட வேண்டும். அந்தக் கறுப்பைக் கண்டால் ஏன் இத்தனை பயம்? “காசு குடுத்து வாங்கின டி.வி.யில பாதி தெரியலையே” என்று பார்க்கிறவர்கள் கோபிப்பார்களாம். சேனலுக்குக் கடிதம் எழுதி நான் வாங்கிய பதில் அது. முன்பே இங்கே எழுதியிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் இரட்டை வேடம் எடுத்த விதத்தை நினைத்தால் கோபம் இன்னும் கூடுகிறது. கேமராவுக்கு முன்னால் பாதியைக் கறுப்பு மட்டையால் மறைத்து, மறுபாதியில் நடிகரை நிறுத்தி எடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மட்டையை மாற்றி வைத்து, அதே நடிகரை அடுத்த பக்கத்தில் நிறுத்தி எடுப்பார்கள். கேமரா ஒரு நூல் அசைந்தாலும் போச்சு. தமிழின் முதல் இரட்டை வேடம் என்று சொல்லப்படும் 1940 ‘உத்தம புத்திரன்’, அதுவும் சின்னப்பாவின் படம்தான்.

தியேட்டர்களுக்கு இந்த மரியாதை தெரிந்திருந்தது. எங்கள் ஊர் தியேட்டரில் திரையின் இரு ஓரத்திலும் கறுப்புத் துணி தொங்கும். பழைய படம் என்றால் துணி உள்ளே வந்து நிற்கும். ஸ்கோப் படம் என்றால் ஆபரேட்டர் லென்ஸை மாற்றுவார், துணி இரண்டு பக்கமும் மெல்ல விலகும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல் வந்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் வரைக்கும், துணி விலகும் அந்த நேரத்துக்கே தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். படம் எவ்வளவோ அவ்வளவுக்குத் திரையைத் திறந்தார்கள், மிச்சத்தை மூடினார்கள். துணியில் விழுகிற ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடுவதால் படத்தின் ஓரம் வெட்டினாற்போல் நேராக நிற்கும். அந்தத் துணி இல்லாமல் வெறும் வெள்ளைத் திரையில் ஓரம் கசிந்து தெரிய ஓட்டுகிற இடங்களை இப்போது பார்க்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் ஒன்றும் சொல்வதில்லை. எனக்குப் படத்தில் மனம் ஒட்டுவதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். இழுத்து அனுப்பிய படம் வந்தால் ரிமோட்டில் ‘பிக்சர் சைஸ்’ என்றோ ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்றோ இருப்பதைத் தேடி 4:3 என்று மாற்றுங்கள். முகங்கள் அப்படியே பழைய அளவுக்கு இறங்கி வந்துவிடும். போன ஞாயிறு நான் அதைத்தான் செய்தேன். மிருதங்கம் மறுபடி வட்டமானது. ஆனால் மேலும் கீழும் வெட்டி அனுப்பியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, வெட்டியது வெட்டியதுதான்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி, கறம்பக்குடி பக்கத்துத் தியேட்டர்களில் எங்காவது அந்தக் கறுப்புத் துணி இன்னும் கயிற்றிலோ மோட்டாரிலோ நகர்கிறதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். என்ன படம் ஓடினாலும் சரி, மருமகனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.