"வேண்டாம்" என்று சொல்லவும் கற்றுக்கொடுங்கள்

 

வீட்டிற்கு விருந்தினர் வந்தால், பிள்ளையை அழைத்து அவர்கள் முன் நிறுத்தி நாம் பெருமையோடு சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. "எங்கள் பிள்ளை சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டான்!" என்பதே அது. இதைக் கேட்டு விருந்தினர் மகிழ்வர். பெற்ற மனமும் குளிரும். பல ஆண்டுகளாக மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் நானும் இந்த வாசகத்தை எத்தனையோ பிள்ளைகளைப் பற்றி அவர்களுடைய பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த மாதம் அந்த வாசகத்தைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மாலை மக்தபில் என்னிடம் ஓதிய ஒரு மாணவனுக்கு வயது 15. பாடத்தில் முதல்வன், பணிவிலும் முதல்வன். "பாயை எடுத்து விரி" என்றால் விரிப்பான். "கடைக்குப் போய் வா" என்றால் ஓடுவான். ஒரு பௌர்ணமி இரவு. எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றால் எப்படியிருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் இலட்சக்கணக்கான மக்கள் நடப்பார்கள். ஊர் விடியும்வரை உறங்காது. அன்று இஷா தொழுதுவிட்டு வெளியே வந்த அந்தப் பிள்ளையை இரண்டு நண்பர்கள் அழைத்தார்கள். ஒருவனுடைய அண்ணனின் பைக் அவர்களிடம் இருந்தது. ஓட்டியவனுக்கு வயது 16. மூவரும் ஒரே வண்டியில் ஊருக்கு வெளியே போனார்கள், இருட்டில் விழுந்தார்கள். அல்லாஹ்வின் கிருபையால் மூவரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் நம் மாணவனுக்குக் கால் எலும்பு முறிந்து, மூன்று மாதங்கள் படுக்கையில் கிடந்தான்.

நலம் விசாரிக்கச் சென்றபோது, "ஏன்ப்பா போனாய்?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

"கூப்பிட்டாங்க ஹஜ்ரத். எனக்குப் போகவே பிடிக்கல. ஆனா, வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவன் அருகில் அமர்ந்திருந்த அத்தா தலைகுனிந்தார். நானும்தான். அவர் அவனுக்குச் "சரி" என்று சொல்ல மட்டுமே கற்றுக்கொடுத்திருந்தார். நானும் அதையேதான் கற்றுக்கொடுத்திருந்தேன். எங்களிடம் "சரி" என்று சொல்லிப் பழகிய நாக்கு, நண்பர்களிடமும் "சரி" என்றது. இதில் அந்தப் பிள்ளையின் குற்றம் என்ன?

பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் மார்க்கம் நம் மார்க்கம், அதில் ஐயமில்லை. ஆனால், படைத்தவனுக்கு மாறு செய்யும் காரியத்தில் எவருக்கும் கீழ்ப்படிதல் கிடையாது என்பதும் அதே மார்க்கத்தின் சட்டம்தான். முதல் பாதியை நாம் தினமும் சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டாம் பாதியைப் பயிற்சியாகக் கொடுத்திருக்கிறோமா?

நபியின் சபையில் ஒரு சிறுவன்

புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள ஒரு நிகழ்ச்சியை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களிடம் ஒரு பானம் கொண்டுவரப்பட்டது. அண்ணலார் அருந்தினார்கள். அவர்களின் வலப்பக்கத்தில் ஒரு சிறுவர் இருந்தார். இடப்பக்கத்தில் வயதில் மூத்த பெரியவர்கள் இருந்தார்கள். வலப்பக்கத்தவருக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்பது முறை. எனவே, பெரியவர்களுக்கு முதலில் கொடுக்கலாமா என்று அந்தச் சிறுவரிடம் நபியவர்கள் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பங்கை வேறு எவருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று அந்தச் சிறுவர் மறுத்துவிட்டார். நபியவர்கள் பானத்தை அவருடைய கையிலேயே கொடுத்தார்கள்.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நிதானித்துப் பாருங்கள். கேட்டவர் அகிலத்தின் அருட்கொடை. சுற்றியிருந்தவர்கள் பெரியவர்கள். மறுத்ததோ ஒரு சிறு பிள்ளை. "பெரியவர்கள் முன்னால் இப்படியா பேசுவது?" என்று அங்கே அதட்டல் எழவில்லை. அவருடைய மறுப்பு மதிக்கப்பட்டது. இதே நிகழ்ச்சி நம் வீட்டுக் கூடத்தில் நடந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்திருக்கும்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்!

இன்னொரு நிகழ்ச்சியும் புகாரியில் உண்டு. இலை உதிராத, முஸ்லிமுக்கு உவமையான மரம் எது என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். அது பேரீச்ச மரம் என்று இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களின் மனத்தில் தோன்றியது. ஆனால், பெரியவர்கள் அமைதியாக இருந்ததால் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை. பின்னர் தம் தந்தை உமர் (ரலி) அவர்களிடம் இதைச் சொன்னபோது, அடக்கமாக இருந்தாய் என்று அவர்கள் பாராட்டவில்லை. நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ உவப்பாக இருந்திருக்குமே என்றுதான் ஆதங்கப்பட்டார்கள். அந்தத் தந்தை விரும்பியது, சபையில் தன் மனத்தில் பட்ட சரியானதைத் துணிந்து சொல்லும் மகனை.

கூட்டத்தில் மாறும் மனம்

"என் பிள்ளைக்கு நல்லது கெட்டது தெரியும்" என்று சில பெற்றோர் சொல்வார்கள். உண்மைதான், தெரியும். தனியாக இருக்கும்போது தெரியும். கூட்டத்தில் இருக்கும்போது அந்த அறிவு எங்கே போகிறது என்பதே கேள்வி.

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற இரு உளவியல் அறிஞர்கள் 2005ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், 18 முதல் 22 வயது இளைஞர்கள், 24 வயதைக் கடந்தவர்கள் என மூன்று பிரிவினரில் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதே சோதனை. சிலர் தனியாக ஆடினார்கள். சிலர் தம் வயது நண்பர்கள் உடனிருக்க ஆடினார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது ஆபத்தில் இறங்கும் துணிச்சல் கூடியது. பெரியவர்களைவிடச் சிறியவர்களிடம் அது மிகுதியாகக் கூடியது.

நல்ல நண்பனைக் கஸ்தூரி விற்பவனுக்கும், தீய நண்பனைக் கொல்லன் உலைத் துருத்தியை ஊதுபவனுக்கும் நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டுக் காட்டியது நாம் அறிந்ததே. கஸ்தூரிக் கடையில் எதுவும் வாங்காவிட்டாலும் நறுமணம் வரும்; உலைக்களத்தில் சும்மா நின்றாலும் புகை படியும். பக்கத்தில் நிற்பதே மனிதனை மாற்றுகிறது!

ஆகவே, "கெட்டவர்களோடு சேராதே" என்ற ஒற்றை வரி உபதேசம் போதாது. டீக்கடை வாசலில் சிகரெட்டை நீட்டுபவன் கெட்டவனாகத் தெரிய மாட்டான். நேற்றுக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவனாக இருப்பான். கைப்பேசியில் பணம் வைத்து ஆடக் கூப்பிடுபவன் சொந்த மாமன் மகனாக இருப்பான். ஒரு பெண் பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிப்பவர்கள் அவளுடைய வகுப்புத் தோழியராகவே இருப்பார்கள். பழக்கமான முகத்திற்கு முன்னால்தான் "வேண்டாம்" என்ற சொல் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவதாக, அதட்டுவதற்கு முன் கேளுங்கள். ஓர் இளைஞர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து விபச்சாரத்திற்கே அனுமதி கேட்ட நிகழ்ச்சி முஸ்னத் அஹ்மதில் உள்ளது. சுற்றியிருந்தவர்கள் அவரை அதட்டினார்கள். அண்ணலாரோ அவரை அருகில் அழைத்து அமர்த்தி, உன் தாய்க்கு இதை விரும்புவாயா, மகளுக்கு விரும்புவாயா, சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மாட்டேன், மாட்டேன் என்று அவர் வாயாலேயே விடை வந்தது. பிறகு அவர்மீது கைவைத்து அவருக்காக துஆச் செய்தார்கள். தீர்ப்பை அவர்கள் திணிக்கவில்லை. கேள்விகளால் அந்த இளைஞரையே தீர்ப்புச் சொல்ல வைத்தார்கள். வீட்டில் எதையும் கேட்க முடியாத பிள்ளை, வீதியில் போய்க் கேட்கும்.

இரண்டாவதாக, ஒத்திகை பாருங்கள். உணவுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும். "நான் உன் நண்பன்; வண்டியில் ஏறு என்கிறேன், நீ என்ன சொல்வாய்?" என்று கேளுங்கள். பிள்ளை முதலில் சிரிக்கும், பிறகு யோசிக்கும். "எனக்கு வேண்டாம்பா, நீ போய் வா" என்று சுருக்கமாக, சிரித்த முகத்தோடு, ஆனால் உறுதியாகச் சொல்லப் பழக்குங்கள். நீண்ட காரணம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் நீண்டால் வாதம் நீளும். உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் பள்ளிப் பிள்ளைகளுக்காக வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களில் முடிவெடுத்தலும், பிறரிடம் தெளிவாகப் பேசுதலும் இடம்பெற்றுள்ளன. நீச்சலைப் போல இவையும் பழகிப் பழகியே வர வேண்டியவை.

மூன்றாவதாக, பழியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். "எங்கள் அத்தாவுக்குத் தெரிந்தால் வீட்டில் சேர்க்க மாட்டார்" என்று சொல்லித் தப்பிக்க அனுமதி கொடுங்கள். நண்பர்கள் மத்தியில் நீங்கள் கடுமையானவர் என்று பெயர் வாங்கினால் வாங்கிவிட்டுப் போங்கள். பிள்ளை பிழைத்தால் போதும்.

நான்காவதாக, ஒரு வாக்குறுதி கொடுங்கள். "எந்த இடத்தில் மாட்டிக்கொண்டாலும், எந்நேரமானாலும் என்னைக் கூப்பிடு. வந்து அழைத்துப் போகிறேன். கேள்விகளை விடிந்த பிறகு கேட்கிறேன்." அந்த வாக்கை மீறாதீர்கள். ஒருமுறை மீறினால் மறுமுறை அழைப்பு வராது. பெற்றோரிடம் சொல்ல இயலாத சங்கடத்தில் சிக்கிய பிள்ளைக்கு 1098 என்ற சிறுவர் உதவி எண்ணையும் சொல்லி வையுங்கள்.

ஐந்தாவதாக, சட்டத்தை நாமே மதிப்போம். 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. சாவியை நாமே கையில் கொடுத்துவிட்டு, பிறகு கத்ரின் மீது பழி போடுவது முறையா?

மறுப்பிலும் மரியாதை

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். "கூடப் படிக்கும் நண்பன் கோயில் பிரசாதம் கொடுக்கிறான். வாங்காவிட்டால் வருத்தப்படுவானே, என்ன செய்வது ஹஜ்ரத்?"

பெருநாளன்று நாம் பிரியாணி கொடுத்தனுப்பும்போது, "எங்கள் வீட்டில் இறைச்சி சாப்பிடுவதில்லை" என்று சைவ நண்பர் கைகூப்பிச் சொல்கிறார். நாம் வருந்துகிறோமா? இல்லை. அவருக்கென்று பழமும் இனிப்பும் எடுத்துப் போகிறோம். அதே போல, "அன்போடு கொடுத்தாய், நன்றி. எங்கள் மார்க்கத்தில் இதைச் சாப்பிடுவதில்லை" என்று முகமலர்ச்சியோடு சொல்லும்படி பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். முகத்தைச் சுளிப்பதோ, கேலியாக ஒரு சொல் சொல்வதோ கூடவே கூடாது. பொருளைத்தான் மறுக்கிறோம், மனிதரை மறுக்கவில்லை. அன்று மாலையே அவனோடு அமர்ந்து ஒரு டீ குடித்தால் நட்பு முன்னைவிட வலுப்படும்.

மூன்று மாதம் கழித்து அந்த மாணவன் கைத்தடியோடு மக்தபுக்குத் திரும்பி வந்தான். அந்த வாரம் நடக்கவிருந்த விழாவில் கிராஅத் ஓதும்படி அவனிடம் சொன்னேன். சற்றுத் தயங்கியவன், என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "இந்தத் தடவை வேண்டாம் ஹஜ்ரத். ரொம்ப நேரம் நிற்க முடியல."

உண்மையைச் சொல்வதானால், முதலில் எனக்குச் சுருக்கென்றது. என் சொல்லைத் தட்டாத பிள்ளை தட்டிவிட்டானே! மறுகணமே, நபியவர்களின் வலப்பக்கத்தில் இருந்த அந்தச் சிறுவர் நினைவுக்கு வந்தார். "நல்லதுப்பா, வேறு பிள்ளையை ஓதச் சொல்கிறேன்" என்றேன். அவன் முகத்தில் அன்று கண்ட தெளிவை அதற்கு முன் நான் கண்டதில்லை.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு நல்லதற்கு "ஆம்" என்றும், தீயதற்கு "வேண்டாம்" என்றும் சொல்லும் துணிவைத் தருவானாக! அதைக் கேட்டுக்கொள்ளும் பொறுமையை நமக்கும் தருவானாக! ஆமீன்.